முப்பத்திரண்டு பேர் சரியாக இருந்தார்கள்

அன்பு மகனே,

இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் படித்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பாய். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன், சொந்தப் பிள்ளையைச் செம்பூரில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். அதற்கு அப்போது நான் சொன்ன காரணங்கள் எல்லாமே நல்ல காரணங்கள்தான். ஆனாலும் உன்னிடம் நான் சொல்லியாக வேண்டிய ஒரே விஷயத்தை, உனக்குச் சுலபமாகப் படிக்க வராத மொழியில்தான் எனக்கு எழுத வருகிறது. மெதுவாகப் படி. தடுக்கும் இடத்தில் பெனிட்டாவைக் கேள். உன் மனைவிக்கும் இது தெரியவேண்டிய விஷயம்தான். ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் படித்து முடித்துவிடு. சனிக்கிழமை காலையில் ரூத்தை அழைத்துக்கொண்டு மலைக்குப் போகிறாய். அவளுக்கு ஐந்து வயது. அவள் காலில் மலைப்பாதை படுவதற்கு முன்னால் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதன் இன்னொரு பிரதியை நம் சபையின் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால், "எதுக்குப்பா இதெல்லாம், விடுங்க" என்று சொல்லியிருப்பாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு விட்டிருப்பேன். ஏன் சபைக்கும் தெரிய வேண்டும் என்பது போகப் போக உனக்கு விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள். வாத்தியாருக்கு நேராக விடைக்குப் போகத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஐரோலியில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது புதிதாக வாங்கிய ஷூக்களைக் காட்டினாய். உனக்கு ஒரு ஜோடி, ரூத்துக்கு ஒரு ஜோடி. முப்பத்தெட்டு வயதில், வளர்ந்த பிறகு முதல் தடவையாக மலையேறப் போகிறவனின் சந்தோஷம் உன் முகத்தில் இருந்தது. பெட்டியைத் திறந்தாய், மூடினாய், மறுபடியும் திறந்தாய். அப்புறம் ஒரு சின்ன உறையிலிருந்து அந்தச் சுருள் கயிற்றை எடுத்தாய். பழைய டெலிபோன் ஒயர் மாதிரி நீலமாகச் சுருண்டிருந்தது. இரண்டு முனையிலும் மணிக்கட்டில் மாட்டுகிற பட்டை.

"இது பாருங்கப்பா, ஆன்லைன்ல வாங்குனேன். ஒரு பக்கம் என் கையில, ஒரு பக்கம் இவ கையில. ரெண்டு மீட்டருக்கு மேல போகவே முடியாது."

ரூத் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "பப்பா, மைம் குத்தா ஹூம் க்யா?" என்றாள். தான் என்ன நாயா என்று அவள் இந்தியில் கேட்டதும் பெனிட்டா அடுப்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தாள்.

"குத்தா இல்லடா செல்லம். உன் வயசுல பப்பா என்ன பண்ணேன் தெரியுமா? மலையில தாத்தா கைய விட்டுட்டு ஓடிட்டேன். பாவம் தாத்தா, மூணு மணி நேரம் மழையில தேடித் தேடி அலைஞ்சாங்க. வேணும்னா கேளு."

அவள் என் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "சச்சி, தாத்தா, நிஜமாவா? பப்பா பேட் பாயா?"

டீ கையில் இருந்தது. ஒரு வாய் குடித்தேன். "அதெல்லாம் பழைய கதைம்மா" என்றேன். அந்தப் பதிலை அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள். பட்டையை மாட்டிவிடச் சொல்லி உன்னிடம் கையை நீட்டினாள். வீட்டுக்கு வந்து சேர்ந்து மூன்று நாளாகியும் அந்த நீட்டிய கைதான் கண்ணில் நிற்கிறது. ஆகவே எழுதுகிறேன். நீ ஓடவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, உன் சிறுவயதில் ஒரு தடவைகூட நீ என் கையை விட்டு ஓடியதில்லை.

உன் முதல் மலை எது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. சயான் கோட்டை. அதை மலை என்று சொன்னால் சிரிப்பார்கள், ஒரு மேடுதான். ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் காலுக்கு அது பெரிய ஏற்றம். தாராவியில் நம் அறையில் சாயங்காலம் வெக்கை தாங்காது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பாதி நாள் மதிய ஷிஃப்ட். பள்ளி விட்டு வந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு ரயில்பாதையைத் தாண்டி நடப்பேன். நீ என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்வாய். தலை அரித்தாலும் மற்றக் கையால்தான் சொறிவாய். "கைய விடு ராசா, நீயே ஏறு" என்று நான்தான் கெஞ்சுவேன். "மாட்டேன், நீங்க விழுந்துருவீங்க" என்பாய். மேலே போய் இடிந்த சுவர்மேல் உட்கார்ந்தால் கீழே லோக்கல் ரயில்கள் கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து போகும். நீ அவற்றுக்கெல்லாம் டாட்டா காட்டுவாய். ஒரு ரயிலுக்குக்கூடக் காட்டாமல் விட்டுவிடக் கூடாது. ஒன்று விட்டுப்போனால் அழுவாய். ஒன்றையும் விட்டுவிடாமல் இருப்பது உன் சுபாவம். விட்டுவிட்டு வந்தது நான்.

உனக்கு ஐந்து வயதான ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மழைக்காலச் சுற்றுலா கூட்டிப்போனோம். கல்யாண் தாண்டி, பத்லாப்பூரும் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, வயல் வரப்பில் நடந்தால் மலையடிவாரம். முப்பத்திரண்டு பிள்ளைகள், நான், கமலா டீச்சர். சனிக்கிழமை அம்மாவுக்கு ட்யூட்டி இருந்ததால் உன்னையும் கூட்டிக்கொண்டேன். தாராவிப் பிள்ளைகளுக்கு மலை என்றால் படத்தில் வரைகிற முக்கோணம். பாறையிலிருந்து ஒழுகிய தண்ணீரை, "சார், இத யாரு திறந்து விட்டுருக்கா?" என்று ஒருவன் கேட்டான். சிவப்பு நண்டுக்குஞ்சு ஒன்றைப் பார்த்து நீ குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாய். அது வளைக்குள் போகும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதுவரை அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இறங்கி வரும்போது மழை கொட்டத் தொடங்கியது. காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை, முழங்காலுக்கு மேல் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. கமலா டீச்சர் முதலில் அக்கரைக்குப் போய் நின்றுகொண்டார். நான் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கையைப் பிடித்துக் கடத்திவிட்டேன், சின்னவர்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊரார் பிள்ளை முதலில், என் பிள்ளை கடைசியில் என்பது நான் எப்போதும் வைத்திருந்த வழக்கம். பள்ளியில் மிட்டாய் கொடுத்தாலும் அப்படித்தான், ஊசி போட்டாலும் அப்படித்தான். அதனால் கரைக்குச் சற்று மேலே, அத்திமரத்தடியில் கிடந்த ஒரு கறுப்புப் பாறைமேல் உன்னை நிறுத்தினேன். "இந்தக் கல்லுமேல நில்லு. அப்பா வந்து கூப்புடுத வரைக்கும் அசையக் கூடாது. சரியா?" என்றேன். நீ இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, "சரிப்பா" என்றாய்.

கடைசிப் பிள்ளையைக் கடத்திவிட்டு அக்கரையில் நின்றபடியே வருகைப் பதிவேட்டை எடுத்தேன். நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு வைத்திருந்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். அந்த மழைச் சத்தத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன் ஐயா" என்று கத்தியது. முப்பத்திரண்டு குரல். "எல்லாரும் இருக்காங்களா சார்?" என்று கமலா டீச்சர் கேட்டார். "முப்பத்திரண்டு, சரியா இருக்கு" என்றேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான் ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். மூட்டைகளை எண்ணுகிறவன், தான் உட்கார்ந்திருக்கும் மூட்டையை விட்டுவிட்டு எண்ணுவதை நீ பார்த்திருப்பாய். அவன் கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் தோன்றும். பதிவேட்டில் உன் பெயர் இல்லை.

நீ டீச்சரோடு போய்விட்டதாக நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான். நான் நினைக்கவே இல்லை. வரப்பில் நாற்பது நிமிடம் நடந்தோம், பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள், நானும் சேர்ந்து பாடினேன். ரயில் ஏறினோம். கமலா டீச்சர் பெண்பிள்ளைகளில் பாதிப் பேரோடு லேடீஸ் பெட்டியில் ஏறினார். பத்லாப்பூரைத் தாண்டியபோது பக்கத்திலிருந்த முத்துச்செல்வி என்ற பெண், பையில் மிச்சமிருந்த ஒரு பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். "சார், தம்பிக்கு வச்சிருந்தேன். தம்பி எங்க?" என்றாள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, லேடீஸ் பெட்டியின் ஜன்னலில் தலையை விட்டுக் கத்திக் கேட்டேன். கமலா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகளை அவரோடு அனுப்பிவிட்டு நான் மட்டும் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றேன். மலைப் பக்கம் திரும்பிப் போகிற கர்ஜத் வண்டி அப்போதெல்லாம் எப்போதாவதுதான் வரும். முக்கால் மணி நேரம் நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் ஜெபிக்கவில்லை என்று இன்று சொல்லலாம். சபையார் படித்தால் படிக்கட்டும். ஓடைத் தண்ணீர் இப்போது எதுவரைக்கும் வந்திருக்கும் என்று மட்டும் மனசுக்குள் அளந்துகொண்டே இருந்தேன். அதைத் தவிர, உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். அந்த இரண்டாவது யோசனை அவ்வளவு சீக்கிரம் வந்ததுதான் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது நீ அதே கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தாய். கல்லுக்குக் கீழே ஒரு முழம்வரை தண்ணீர் வந்திருந்தது. உன் பக்கத்தில் அந்த மலையடிவாரத்துப் பெண்மணி ஒருத்தி, விறகுக்கட்டைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். இலைகளை வைத்துப் பின்னிய மழைக்கூடு ஒன்றை அந்தப் பக்கத்தில் முதுகில் மாட்டிக்கொள்வார்கள், பார்த்திருப்பாய். அதைக் கழற்றி உன்மேல் கவிழ்த்துவிட்டு அவள் நனைந்துகொண்டிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நான் தட்டுத் தடுமாறி ஏறி வந்ததும் என்னைத் திட்டத் தொடங்கினாள். மராட்டியில் எனக்குப் பாதி புரியாது, திட்டு முழுக்கப் புரிந்தது. உன்னைத் தன் குடிசைக்குத் தூக்கிப்போகப் பார்த்திருக்கிறாள். நீ அவள் கையைக் கடித்துவிட்டாய். "சாவ்லா மலா!" என்று மணிக்கட்டைக் காட்டினாள். பல் பதிந்திருந்தது. "ஹலத்ச் நாஹி. ஆப்பா, ஆப்பா, எவ்டஞ்ச் ம்ஹண்தோ" என்றாள். அசையவே மாட்டேன் என்கிறான், அப்பா அப்பா என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று அர்த்தம். அப்புறம் என்ன நினைத்தாளோ, திட்டுவதை நிறுத்திவிட்டு உன் தலையைத் தன் சேலை முந்தானையால் துவட்டினாள்.

நீ அழவில்லை. கல்லை விட்டு இறங்கவும் இல்லை. நான் கையை நீட்டியும் அப்படியே நின்றாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "வா ராசா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் காலை எடுத்தாய்.

திரும்பி வருகிற ரயிலில் என் சட்டையை உனக்குப் போர்த்தி மடியில் வைத்திருந்தேன். உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. கல்யாண் தாண்டியதும் நீ கண்ணைத் திறந்து, "அப்பா, நான் அசையல, இல்ல?" என்று கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். தானே வந்ததும் மறுபடியும் கேட்டாய். "நான் அசையவே இல்லல்லப்பா?" "தூங்கு" என்றேன்.

சயானில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அம்மா ட்யூட்டி முடித்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ பிள்ளைகள் முன்னாலேயே வந்து ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "என்னங்க ஆச்சு? தம்பியக் காணும்னு செல்வி சொல்லுதா? பிள்ளைக்கு உடம்பு இப்படிக் கொதிக்கி?" என்று உன்னை என் தோளிலிருந்து பிடுங்கினாள். பிளாட்பாரத்தில் யோசித்து வைத்திருந்தது எனக்கு நாக்கு நுனியிலேயே இருந்தது. "கைய விட்டுட்டு ஓடிட்டான். மழையில எங்கன்னு தேட?" என்றேன். உன் அம்மா எதிலும் பாதி செய்கிறவள் இல்லை. உன்னை இறுக்கி அணைத்துக்கொண்டே முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஏல, அப்பா கைய எதுக்குல விட்ட? செத்துருந்தா என்னல செய்வேன் நான்?"

நீ அவள் தோள் வழியாக என்னைப் பார்த்தாய். ஐந்து வயதுக் குழந்தையின் பார்வைக்கு அர்த்தம் கற்பிப்பது பெரியவர்களின் பழக்கம் என்று என்னை நானே பலமுறை சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆனால் நான் வகுப்பில் ஆயிரக்கணக்கான குழந்தை முகங்களைப் பார்த்தவன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வாத்தியார் பலகையில் தப்பாக எழுதிவிட்டால், சரியான விடையை வைத்திருக்கும் குழந்தை தன் நோட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு தன் நோட்டில் இருப்பதை அழித்துவிட்டுப் பலகையில் இருப்பதை எழுதிக்கொள்ளும். நீ அதைத்தான் செய்தாய். "ஸாரிம்மா" என்றாய்.

நாலு நாள் காய்ச்சல் இருந்தது. ஐந்தாம் நாள் இறங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சபையில் சாட்சி சொன்னாள். ஆபத்திலிருந்து தப்பியவர்கள் எழுந்து எல்லார் முன்னாலும் நன்றி சொல்வது நம் வழக்கம், அவள் சொல்லாமல் இருப்பாளா? வெள்ளைச் சட்டை போட்டு உன்னைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். கீழ்ப்படியாமல் தகப்பன் கையை விட்டு ஓடிய பிள்ளையைக் கர்த்தர் திரும்பத் தந்தார் என்று அழுதுகொண்டே சொன்னாள். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் ஸ்தோத்திரம் என்றேன். ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அக்கா உன் கன்னத்தைக் கிள்ளி, "ஏல, காணாமப் போன ஆட்டுக்குட்டி, இனிமே அப்பா கைய விடுவியால?" என்று கேட்டாள். "விடமாட்டேன்" என்றாய். அன்றிலிருந்து சபையில் உனக்கு ஆட்டுக்குட்டி என்றே பெயர். உன் கல்யாணத்தில்கூட மைக்கைப் பிடித்து யாரோ அதைச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், நீயும் வெட்கப்பட்டுச் சிரித்தாய். பலகையில் எழுதிய தப்பை ஒரு துணியால் துடைத்துவிடலாம். அதைப் பார்த்து எழுதிய நோட்டுகளில் இருப்பதை யார் போய்த் துடைப்பது? அதற்குத்தான் பத்திரிகைக்கும் ஒரு பிரதி.

அதன் பிறகும் ஒவ்வொரு மழைக்காலமும் நான் பள்ளிப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போனேன். உன்னைக் கூட்டிப்போகவில்லை. "இவன் ஓடிருவான், வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீயும் வந்திருப்பாய். நான் பையை மாட்டிக்கொண்டு இறங்கும்போது நீ வாசல்படியில் உட்கார்ந்து என் ஷூவுக்கு லேஸ் கட்டிவிடுவாய். "நான் ஓடமாட்டேம்பா" என்று ஏழாம் வயதில் ஒரு தடவை சொன்னாய். எட்டாம் வயதில் சொல்லவில்லை. அப்புறம் உனக்கு மலையே பிடிக்காது என்று வீட்டில் எல்லாரும் பேசத் தொடங்கினோம். செம்பூருக்குக் குடிவந்த பிறகு உன் ஜன்னலிலிருந்து டிராம்பே குன்று தெரியும். நீ அந்தப் பக்கத்துத் திரையை இழுத்தே வைத்திருப்பாய். வெயில் அடிக்கிறது என்பாய்.

உன் பதிமூன்றாவது வயதில் பள்ளியில் 'மறக்க முடியாத நாள்' என்று இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதி, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினாய். அந்த மலையைத்தான் எழுதியிருந்தாய். நீ ஓடினாயாம். ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு ஓடினாயாம். பின்னால் அப்பா கூப்பிடுவது கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அந்தப் பெண்மணியோ கல்லோ கட்டுரையில் இல்லை. நீ பொய் எழுதவில்லை, உனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. உன் ஞாபகத்தையே நான் மாற்றி எழுதியிருந்தேன். படித்து முடித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு சொல்லில் விட்டுப்போயிருந்த ஓர் எழுத்தைச் சேர்த்தேன். கீழே 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். என் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் திருத்திய காகிதங்களில் அதைவிடக் கேவலமான திருத்தம் இல்லை.

நாலு வருடத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாள் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். "தம்பியப் பாத்துக்கிடுங்க. அவன் எப்பமும் கைய விட்டுருவான்" என்றாள். அவளுக்கு அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "சரி" என்றேன். அந்தப் பொய்யோடுதான் அவள் போனாள். அதற்கு இனி பரிகாரம் ஒன்றும் கிடையாது. பத்திரிகையில் அச்சடித்தாலும் அவள் படிக்கப்போவதில்லை.

இப்போது சனிக்கிழமை. மலைக்குப் போவதைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றாலும், முப்பது மழைக்காலம் பிள்ளைகளோடு நடந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். ஐந்து வயதுக் குழந்தை உச்சிக்குப் போக மலைக்கு வருவதில்லை. அவள் நண்டைப் பார்க்க, ஈரக் கல்லைத் தொட, பாசியை நகத்தால் சுரண்டத்தான் வருகிறாள். இரண்டு மணி நேரப் பாதைக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள். உச்சிக்குப் போகாமல் திரும்பினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. காலுறை இரண்டு ஜோடி அதிகமாக எடுத்துக்கொள், அவளுக்குப் பசி வருவதற்கு முன்னாலேயே ஏதாவது கொடு. காலையில் தாண்டிய ஓடை மாலையில் அதே ஓடையாக இருக்காது. மேலே மேகம் கறுத்தால் அவள் அழுதாலும் தூக்கிக்கொண்டு இறங்கிவிடு. கூட்டத்தோடு போனால், மற்றவர்களை எண்ணுவதற்கு முன்னால் உன் பிள்ளையை எண்ணு. அது சுயநலம் இல்லை. நான் அதைச் சுயநலம் என்று நினைத்துக்கொண்டு நல்லவனாக நடந்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, "இங்கேயே நில், வருகிறேன்" என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லாதே. நல்ல குழந்தையாக இருந்தால் அதை நம்பிவிடும்.

அந்த நீலக் கயிற்றை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். செங்குத்தான இடத்தில் பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் உன்னைப் போல அவள் ஓடிவிடுவாள் என்று பயந்து அதைக் கட்டாதே. உன்னைப் போல இருந்தால் அவள் ஓடவே மாட்டாள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. பப்பா பேட் பாயா என்று அவள் என்னிடம் கேட்டாள். அதற்கு இல்லை என்ற பதிலை நீ சொல். தாத்தாதான் விட்டுவிட்டு வந்தார், பிறகு மாற்றிச் சொன்னார் என்பதையும் சொல். குழந்தைக்கு எதற்கு என்று யோசிக்காதே. அந்த வயதில் உனக்கு அதைவிடக் கனமானதை நான் தூக்கக் கொடுத்தேன்.

நானும் வரவேண்டும் என்று கூப்பிட்டாய். நான் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வலி இருப்பதும் உண்மைதான். ஆனால் இந்தக் கடிதத்தில் இன்னொரு சாக்கு வேண்டாம். நீ உன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஓடையைத் தாண்டும்போது திரும்பி என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வையை இரண்டாவது முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அம்மாவின் தோளில் சாய்ந்தபடி "ஸாரி" என்று என் தப்புக்கு நீ சொன்னபோதே கொடுத்துவிட்டாய், அப்போதே அது எனக்குச் சேரவேண்டியதாக இல்லை. கோபம் வந்தால் கோபப்படு. கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராமல் இருக்கத் தோன்றினால் வராதே. ஞாயிற்றுக்கிழமை போன் வராவிட்டால் எனக்குக் காரணம் தெரியும்.

கல்யாணுக்கும் தானேவுக்கும் நடுவில், காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, என் மடியில் படுத்தபடி இரண்டு தடவை நீ ஒன்றைக் கேட்டாய். தூங்கு என்றேன். நீ கேட்டது உனக்கு ஞாபகம் இல்லாமல் போய்விட்டது, எனக்குப் போகவில்லை. அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

ஆமாம் ராசா. நீ அசையவே இல்லை.

அப்பா
செம்பூர்